ஏஞ்சலிக்கின் முன்கதை: ‘டார்க் ஷேடோஸ்’ வில்லியின் ஆடியோ புத்தகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘டார்க் ஷேடோஸ்’ என்ற பழைய அமெரிக்கத் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால், சற்று நேரத்தில் பேச்சு ஏஞ்சலிக்கிடம் வந்து நிற்கும். அந்தச் சூனியக்காரிக்கு ஒரு சோகமான காதல் முன்கதை இருக்கிறதாமே, அதை அவளாக நடித்தவரே எழுதி, அவரே வாசித்திருக்கிறாராமே, அது அவளை நல்லவளாக்கிவிடுகிறதா என்று கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தொடரின் 1795 கதை முழுவதும் இதில் வெளிப்படும். புத்தகத்தின் கதையைத் தொடக்கம் வரைதான் தொட்டிருக்கிறேன்.

முதலில், இது என்ன தொடர்?

ஏபிசி தொலைக்காட்சியில் 1966 ஜூன் 27 முதல் 1971 ஏப்ரல் 2 வரை திங்கள் முதல் வெள்ளி வரை பகலில் ஓடிய மெகா சீரியல். மொத்தம் 1,225 எபிசோடுகள். உருவாக்கியவர் டேன் கர்டிஸ். மெய்ன் மாநிலக் கடற்கரையில் காலின்ஸ்போர்ட் என்ற கற்பனை ஊர், அங்கே காலின்வுட் என்ற பெரிய மாளிகை, அதில் ரகசியங்களோடு வாழும் ஒரு பணக்காரக் குடும்பம். தொடங்கும்போது பழைய வீடு, அநாதைப் பெண், புதிரான குடும்பம் என்ற வழக்கமான கோதிக் கதைதான். பார்வையாளர் எண்ணிக்கை சரியத் தொடங்கியதும் பேய்களை உள்ளே விட்டார்கள். 1967 ஏப்ரலில் ஒருவன் நகைக்கு ஆசைப்பட்டுச் சங்கிலி கட்டிய சவப்பெட்டியைத் திறக்க, உள்ளிருந்து ஒரு கை வந்து அவன் கழுத்தைப் பிடித்தது. பார்னபஸ் காலின்ஸ் என்ற ரத்தக்காட்டேரி வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் டிவி முன்னால் ஓடி வந்து உட்காரும் அளவுக்குத் தொடர் பிரபலமானது.

பார்னபஸாக நடித்தவர் ஜோனதன் ஃப்ரிட், கனடாவிலிருந்து வந்த மேடை நடிகர். கொஞ்ச நாள் பயமுறுத்திவிட்டுப் போக வேண்டிய பாத்திரம். மக்கள் அவரை விடவில்லை. அப்புறம் தவிர்க்க முடியாத கேள்வி ஒன்று வந்தது: இந்த மனிதர் எப்படி இப்படி ஆனார்? அதற்குப் பதிலாக வந்தவள்தான் ஏஞ்சலிக்.

ஏஞ்சலிக் யார்? 1795 கதையில் அவள் என்னதான் செய்தாள்?

1967 நவம்பரில் தொடர் திடீரென்று 1795-ஆம் ஆண்டுக்குப் பின்னோக்கிப் போகிறது. ஆவியை அழைக்கும் ஒரு சடங்கின் நடுவே விக்டோரியா வின்டர்ஸ் என்ற ஆசிரியை காணாமல் போய், பழங்காலக் காலின்ஸ் குடும்பத்தின் வாசலில் வந்து நிற்கிறாள். அங்கே ஒரு கல்யாண ஏற்பாடு நடக்கிறது. மாப்பிள்ளை, இன்னும் மனிதனாக இருக்கும் பார்னபஸ். பெண், மார்டினிக் தீவின் பிரெஞ்சுத் தோட்ட முதலாளியின் மகள் ஜோசெட். பெண்ணுக்குத் துணையாக அத்தை நதாலி சீமாட்டி வருகிறார். அந்தச் சீமாட்டியின் பணிப்பெண்தான் ஏஞ்சலிக் பூஷார். பொன்னிறக் கூந்தல், பெரிய கண்கள், தலை குனிந்த பேச்சு.

பார்னபஸுக்கும் அவளுக்கும் மார்டினிக்கில் ஏற்கெனவே உறவு இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் ஜோசெட் தன்னை விரும்புவாள் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. நம்பிக்கை வந்ததும் பணிப்பெண்ணை மறந்துவிட்டார். காலின்ஸ்போர்ட்டில் அவள் அவருடைய அறைக்குப் போய் நிற்கிறாள். அவர் கனிவாகத்தான் பேசுகிறார். நாம் நண்பர்களாக இருக்கலாம் என்கிற மாதிரியான பேச்சு. அவள் வெளியே வந்து, அவருடைய சிறுவயது விளையாட்டுப் பொம்மைகளிலிருந்து ஒரு சிப்பாயை எடுத்துக்கொள்கிறாள். ஒரு கைக்குட்டையை அந்தச் சிப்பாயின் கழுத்தில் சுற்றி இறுக்குகிறாள். மாளிகையில் பார்னபஸுக்கு மூச்சு முட்டுகிறது. ஏஞ்சலிக்கை முழுசாகப் புரிந்துகொள்ள எனக்கு இந்தக் காட்சி ஒன்றே போதும். கொல்லத் துடிக்கும் பெண்ணாக அவள் தெரிவதில்லை. தன்னைக் கவனிக்காத ஒருவரின் உடம்பைத் தன் கையில் பிடித்துப் பார்க்கிறவளாகத் தெரிகிறாள். அவர் சாகும் நிலைக்குப் போகும்போது பிடியைத் தளர்த்திவிடுகிறாள்.

பிறகு நடப்பவை அவ்வளவு மென்மையானவை அல்ல. ஜோசெட்டுக்கும் பார்னபஸின் சித்தப்பா ஜெரமையாவுக்கும் வசியம் வைக்கிறாள். இருவர் கையிலும் திரிசூலம் போன்ற குறி தோன்றுகிறது. விருப்பமே இல்லாமல் ஒருவரையொருவர் நாடி ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். துப்பாக்கிச் சண்டையில் பார்னபஸ் ஜெரமையாவைக் கொல்கிறார். அப்படியும் அவர் தன் பக்கம் திரும்பாததால், அவருடைய தங்கை சாராவின் பொம்மையில் ஊசி குத்தி அந்தக் குழந்தையைச் சாகக் கிடத்துகிறாள். குணப்படுத்தினால் என்னைக் கட்டிக்கொள்வாயா என்று கேட்டு வாக்கு வாங்குகிறாள். கல்யாணமும் நடக்கிறது. உண்மை தெரிந்த பார்னபஸ் அவளைச் சுடுகிறார். சாகிறோம் என்று நினைக்கும் நேரத்தில் அவள் சாபம் இடுகிறாள்: உனக்கு நிம்மதி கிடையாது, உன்னை நேசிக்கிறவர்கள் எல்லாரும் சாவார்கள். வௌவால் ஒன்று பாய்ந்து வந்து அவர் கழுத்தைக் கடிக்கிறது.

சாபம் பலிக்கிறது. ஜோசெட் மலைமுகட்டிலிருந்து கடலில் குதிக்கிறாள். சிறுமி சாரா இறந்துபோகிறாள். தாய் நயோமி விஷம் குடிக்கிறாள். ஏஞ்சலிக் செய்த செய்வினைகளுக்காக விக்டோரியா மீது சூனியக்காரி என்று வழக்கு நடந்து, தூக்கு வரை போகிறது. இத்தனையும் மனதில் இருக்கட்டும். முன்கதையைக் கேட்கும்போது இவை தேவைப்படும்.

ஆடியோ புத்தகம் எது? யார் எழுதியது?

‘ஏஞ்சலிக்ஸ் டிசென்ட்’. எழுதியவர் லாரா பார்க்கர், அதாவது தொடரில் ஏஞ்சலிக்காக நடித்தவரேதான். 1938-இல் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில்லில் பிறந்து மெம்ஃபிஸில் வளர்ந்தவர். நியூயார்க்கில் நடிப்பு வாய்ப்புத் தேடி வந்த கொஞ்ச நாளிலேயே இந்த வேடம் அவருக்குக் கிடைத்தது. நாவல் 1998-இல் வந்தது. அப்போது அவருக்கு அறுபது வயது. இதே கதையைப் பிற்பாடு பிரிட்டனின் ‘பிக் ஃபினிஷ்’ நிறுவனம் இரண்டு பாகங்களாக ஆடியோ புத்தகமாக வெளியிட்டது, லாரா பார்க்கரின் குரலிலேயே. ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடரின் ஒலிநாடகங்களால் பெயர் பெற்ற அதே நிறுவனம்தான். 2006 முதல் ‘டார்க் ஷேடோஸ்’ நடிகர்கள் பலரைத் திரும்ப அழைத்து ஒலிநாடகங்கள் தயாரித்தார்கள். அவற்றிலும் பார்க்கர் ஏஞ்சலிக்காகப் பேசியிருக்கிறார்.

முன்கதை என்ன சொல்கிறது?

ரத்தக்காட்டேரி நிலையிலிருந்து குணமாகி மறுபடி மனிதனாகிவிட்ட பார்னபஸின் கையில் ஏஞ்சலிக்கின் நாட்குறிப்பு கிடைக்கிறது. அதன் வழியாக நாம் மார்டினிக்குக்குப் போகிறோம். கடல், கரும்புத் தோட்டம், தாயோடு வளரும் ஒரு சிறுமி. அவளைத் தாயிடமிருந்து பிரித்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே அடிமைகள் கூடும் இரவுச் சடங்குகளில் அவளைத் தெய்வமாக உட்கார வைக்கிறார்கள். அலங்காரம் இருக்கும், பலி இருக்கும், அவள் முன்னால் ஆட்கள் விழுந்து கும்பிடுவார்கள். சடங்கு முடிந்ததும் அவள் பூட்டிவைக்கப்பட்ட குழந்தை.

இந்த இடத்தில்தான் புத்தகம் என்னைப் பிடித்துக்கொண்டது. காதலில் ஏமாந்தவள் சூனியக்காரி ஆனாள் என்று எழுதியிருந்தால் சாதாரணக் கதையாகப் போயிருக்கும். பார்க்கர் இன்னும் பின்னால் போகிறார். எல்லாரும் கும்பிடுகிறார்கள், ஒருவரும் நேசிக்கவில்லை என்ற நிலையில் ஒரு குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும்? தன்னைப் பார்த்து எதிரில் இருப்பவர் பயந்தால்தான் தான் பத்திரமாக இருக்கலாம் என்பதைத்தான். பின்னால் பார்னபஸ் வரும்போது, அவளிடம் பயமில்லாமல் பேசும் முதல் மனிதராக அவர் வருகிறார். காதல் அவளை எப்படி இவ்வளவு ஆழமாக அடிக்கிறது என்பதற்கு அந்தச் சிறுவயது அறையில் காரணம் இருக்கிறது.

தொடரிலேயே இந்த விவரங்கள் இல்லையா?

இல்லை. மார்டினிக்கில் நடந்ததைப் பற்றித் தொடரில் வசனங்களாக ஆங்காங்கே கொஞ்சம் வரும், அவ்வளவுதான். அவள் எங்கே பிறந்தாள், மந்திரம் யாரிடம் கற்றாள், பார்னபஸ் அவளிடம் என்ன சொல்லி மனதைக் கவர்ந்தார் என்பதெல்லாம் வெற்றிடம். வாரத்துக்கு ஐந்து எபிசோடு எழுதும் குழுவுக்கு அதற்கு நேரமும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் நாவல் நிற்கிறது. பிறகு 1795 நிகழ்ச்சிகளையும் அவள் பக்கத்திலிருந்து தொட்டுச் செல்கிறது.

வில்லியை நல்லவளாக்கிவிடுகிறார்களா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். என் பதில்: காரணம் சொல்கிறார்கள், விடுதலை கொடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டைப் பார்க்கர் பெரும்பாலும் சரியாகவே போட்டிருக்கிறார்.

வில்லிக்கு முன்கதை எழுதும்போது ஓர் ஆபத்து எப்போதும் இருக்கிறது. அவள் செய்ததையெல்லாம் இன்னொருவர் தலையில் கட்டிவிடுவார்கள். அவள் கொன்றவர்கள் கொல்லப்பட வேண்டியவர்களாக மாறிவிடுவார்கள். பாதிப்பு அடைந்தவர்களைக் கெட்டவர்களாக்கி அவளை நல்லவளாக்குவது எழுத்தாளருக்குச் சுலபமான வழி. அதை ஏற்றுக்கொண்டால் சாராவுக்கு என்ன பதில் சொல்வது? ஊசி குத்தப்பட்ட பொம்மையும், படுக்கையில் அழும் குழந்தையும் எந்த முன்கதையாலும் அழிவதில்லை. அந்தக் குழந்தை ஏஞ்சலிக்குக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஜோசெட்டும் செய்யவில்லை.

ஏஞ்சலிக் சிறுவயதில் கருவியாகப் பயன்படுத்தப்பட்டவள். பெரியவளானதும் இன்னொரு குழந்தையைக் கருவியாகப் பயன்படுத்துகிறாள். இதைப் பார்த்தபின் அவள்மீது இரக்கமும் வருகிறது, அவள் செய்தது முன்னைவிட மோசமாகவும் தெரிகிறது. வலி என்றால் என்னவென்று தெரியாமல் செய்தவள் என்ற சலுகையும் அவளுக்குப் போய்விடுகிறது. தெரிந்தே செய்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் உணரவைப்பதால்தான் இதை நான் பரிந்துரைக்கிறேன்.

அப்படியானால் தப்பு பார்னபஸ் மீதா?

பங்கு இருக்கிறது. அந்தப் பங்கைத் தொடர் போதுமான அளவு பேசவில்லை. சாபத்தால் வாடும் நாயகனாக அவரைக் காட்டுவதில் கதைக்கு ஆர்வம் அதிகம். ஆனால் நடந்தது என்ன? ஒரே வீட்டில் பணிப்பெண்ணும் இருக்கிறாள், முதலாளியின் மகளும் இருக்கிறாள். இரவில் ஒருத்தி, கல்யாணத்துக்கு இன்னொருத்தி. பணிப்பெண்ணிடம் எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். வாக்குக் கேட்கும் நிலையிலேயே அவள் இல்லை என்பது அவருக்குத் தெரியாதா? ஆடியோ புத்தகத்தில் இந்த ஏற்றத்தாழ்வு நன்றாகக் காதில் விழுகிறது. அவளுடைய பக்கத்திலிருந்து கேட்கும்போது அவருடைய கனிவான பேச்சே கசக்கிறது.

அந்த நாட்குறிப்பை அவரே படிப்பதாக அமைத்தது நல்ல முடிவு. கேட்பவர் நாம் மட்டும் இல்லை. யார் கேட்டிருக்க வேண்டுமோ அவரும் கேட்கிறார்.

இது காதல் கதையா, பேய்க்கதையா?

காதல் கதையாகத் தொடங்கும் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். தொடக்கம் முழுவதும் ஒரு குழந்தையின் கதை. காதல் வரும்போது நன்றாகவே வருகிறது, ஆனால் எனக்கு அதைவிட முன்பகுதிதான் பிடித்தது. பேய்க்கதை ரசிகர்களுக்கும் குறை வைக்கவில்லை. இருட்டுச் சக்தி ஒன்றோடு அவள் செய்யும் ஒப்பந்தம் கதை முழுவதும் கூடவே வருகிறது.

ஏஞ்சலிக்கைப் பார்னபஸ் கடைசிவரை வெறுத்தாரா?

இல்லை, இதைத் தொடரை முழுவதும் பார்க்காதவர்கள் பலர் அறிவதில்லை. 1840-ஆம் ஆண்டில் நடக்கும் கதைப் பகுதி 1971 ஜனவரியில் முடிந்தது. அதில் ஏஞ்சலிக் குண்டடிபட்டுச் சாகும் வேளையில்தான், இத்தனை காலமும் தான் நேசித்தது அவளைத்தான் என்று பார்னபஸ் உணர்கிறார். ஜோசெட்டே அவருடைய காதல் என்று ஆண்டுக்கணக்கில் பார்த்து வந்த ரசிகர்களில் பலருக்கு இது இன்றும் செரிக்கவில்லை. எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. சாபம், கோபம், திரும்பத் திரும்பச் சந்திப்பு என்று அந்த இருவர் நடுவே இருந்த அளவு எதுவும் அவருக்கும் ஜோசெட்டுக்கும் நடுவே இருந்ததில்லை.

அதனால் ஆடியோ புத்தகம் தொடருக்குத் துரோகம் செய்து காதலைப் புதிதாகச் செருகியது என்ற குற்றச்சாட்டு நிற்காது. தொடர் முடியும்போதே அந்த வாசலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

மார்டினிக் பற்றிச் சொல்வது எந்த அளவுக்கு உண்மை?

சூழல் உண்மை, சடங்கு பெரும்பாலும் கற்பனை.

மார்டினிக் கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவு. 18-ஆம் நூற்றாண்டில் அதன் பணம் எல்லாம் சர்க்கரையிலிருந்து வந்தது, சர்க்கரை ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்தது. ஜோசெட் குடும்பத்தைப் போன்ற தோட்ட முதலாளிக் குடும்பங்கள் அங்கே நிஜமாகவே இருந்தன. நெப்போலியனின் முதல் மனைவி ஜோசஃபின் 1763-இல் அப்படி ஒரு குடும்பத்தில் அங்கே பிறந்தவர். 1794-இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிப்பதாக அறிவித்தது. அதே ஆண்டு பிரிட்டிஷ் படை மார்டினிக்கைப் பிடித்துக்கொண்டதால் அந்த அறிவிப்பு அங்கே செல்லவில்லை. ஆகவே கதை நடக்கும் 1795-இல் அங்கே அடிமை முறை அப்படியே இருந்தது. ஒழிந்தது 1848-இல்தான்.

சடங்கு விஷயத்தில் புத்தகம் வூடூ என்ற பொதுவான படத்தைப் பயன்படுத்துகிறது. வூடூ முதன்மையாக ஹைட்டியின் மதம். மார்டினிக்கில் மந்திரம், மூலிகை, செய்வினை சார்ந்த நாட்டார் வழக்கத்துக்கு கெம்புவா என்று பெயர், அதன் அமைப்பே வேறு. இன்னொன்று: பிரெஞ்சுக் காலனிகளுக்கான 1685-ஆம் ஆண்டு அடிமைச் சட்டம், கத்தோலிக்கம் தவிர வேறு வழிபாட்டைப் பகிரங்கமாக நடத்தத் தடை விதித்தது. அனுமதிக்கும் முதலாளிக்கும் தண்டனை உண்டு. எனவே கதையில் வருவது போன்ற சடங்குகள் தோட்ட முதலாளிக்கும் ஆபத்தான காரியம். கதையாக அது இன்னும் சுவாரசியம்தான். வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு இருக்கும் பெரிய குறை இங்கேதான். ஏஞ்சலிக்கின் துயரத்துக்கு ஆழம் கொடுக்க அடிமைகளின் துயரம் பின்னணியாகப் பயன்படுகிறது. அவர்கள் ஆடுகிறார்கள், கும்பிடுகிறார்கள், சாகிறார்கள். அவளுக்குக் கிடைத்த அளவு உள்மனம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. பணிப்பெண்ணின் பக்கத்திலிருந்து கதை சொல்லத் துணிந்த எழுத்தாளர், அவளுக்கும் கீழே வைக்கப்பட்டவர்களின் பக்கம் இன்னும் கொஞ்சம் திரும்பியிருக்கலாம்.

இந்தத் தீவுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு, கதைக் காலத்துக்குப் பிந்தையது. அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டு, 1853 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். முப்பது ஆண்டுகளில் சுமார் 25,000 பேர். புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போன தமிழர்கள் அவர்களில் ஏராளம். தீவின் வடக்கே பாஸ்-புவாந்த் பகுதியில் மாரியம்மன் வழிபாடு அவர்கள் வழியில் இன்றும் தொடர்கிறது. ஏஞ்சலிக்கின் கதையில் வரும் அதே வகைத் தோட்டங்களில்தான் அவர்கள் போய்க் கரும்பு வெட்டினார்கள்.

லாரா பார்க்கரின் வாசிப்பு எப்படி?

தொடரில் ஏஞ்சலிக்கின் ஆயுதம் கண்கள்தான். காட்சி முடியும்போது கேமரா அவள் முகத்துக்கு நெருங்கும், கண்கள் விரியும், இசை ஏறும். ஆடியோவில் கண்கள் கிடையாது. அதுவே இங்கே லாபம். இளம் வயதில் அந்த வேடத்தை நடித்தவர், வயது கூடிய குரலில் அந்தப் பெண்ணின் சிறுவயதை வாசிக்கிறார். குரல் கனத்திருக்கிறது. அவசரம் இல்லை. நடந்தது எல்லாம் தெரிந்த ஒருத்தி, தெரியாதிருந்த நாட்களைச் சொல்வது போலக் கேட்கிறது. வேறு எந்த வாசிப்பாளர் வந்திருந்தாலும் இது கிடைத்திருக்காது.

பார்க்கர் அந்தக் காலத்திலேயே ஏஞ்சலிக்கை வில்லியாக நினைத்து நடிக்கவில்லை, காதலில் தவிக்கும் பெண்ணாகத்தான் நினைத்தேன் என்ற பொருளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தொடரைத் திரும்பப் பார்த்தால் அது தெரியும். வசனம் மிரட்டலாக இருக்கும், முகம் கெஞ்சும். ஆக, புத்தகம் எழுதியபோது அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அன்று தன் முகத்தில் இருந்ததற்கு வார்த்தை கொடுத்திருக்கிறார்.

ஆங்கிலத்தில் கேட்பது சிரமம் என்பவர்களுக்கு ஒரு சொல்: பிரெஞ்சுப் பெயர்கள் முதலில் குழப்பும். ஜோசெட், நதாலி, ஆந்த்ரே என்ற மூன்று பெயர்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஆந்த்ரே, ஜோசெட்டின் அப்பா. மற்றவை கேட்கக் கேட்கப் பழகிவிடும்.

தொடரைப் பார்க்காமல் நேரடியாகக் கேட்கலாமா?

கேட்கலாம், கதை புரியும். ஆனால் 1795 பகுதியைப் பார்த்துவிட்டுக் கேட்பது நல்லது. 365 முதல் 461 வரையான எபிசோடுகள், ஒவ்வொன்றும் 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூட. மொத்தம் சுமார் 35 மணி நேரம் ஆகும். சீரியல் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. படப்பிடிப்பை ஏறத்தாழ நேரலை போல ஒரே ஓட்டத்தில் எடுத்ததால் நடிகர்கள் வசனத்தில் தடுமாறுவதும், மைக் சட்டகத்துக்குள் தலை காட்டுவதும் அப்படியே இருக்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். அந்த அவசரத்திலும் நடிப்பில் இருக்கும் தீவிரம் குறையவில்லை.

வில்லி செய்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு முன்கதையைக் கேட்டால், இரக்கம் உங்களிடமிருந்து எளிதாக வராது. வரவழைக்க எழுத்தாளர் உழைக்க வேண்டியிருக்கும். அந்த உழைப்பைக் கேட்பதுதான் இதில் உள்ள இன்பம்.

2012 திரைப்படத்தில் வரும் ஏஞ்சலிக்கும் இவளும் ஒன்றா?

பெயரும் சாபமும் ஒன்று. டிம் பர்ட்டன் படத்தில் ஈவா கிரீன் நடித்தார், பாத்திரம் பெரும்பாலும் கேலி கலந்த பாணியில் இருக்கும். அதற்கு முன் 1991-இல் வந்த மறு ஆக்கத் தொடரில் லைசெட் ஆந்தனி நடித்தார். ஆடியோ புத்தகம் 1960-களின் மூலத் தொடரைச் சேர்ந்தது. 2012 படத்தை மட்டும் பார்த்தவர்கள் தொனி வேறாக இருக்கும் என்று தெரிந்துகொண்டு வரவும். லாரா பார்க்கர், ஜோனதன் ஃப்ரிட் உட்பட மூல நடிகர்கள் நால்வர் அந்தப் படத்தில் விருந்துக் காட்சியில் ஒரு கணம் தோன்றுவார்கள். படம் வெளியாகும் முன்பே, அந்த ஏப்ரலில் ஃப்ரிட் காலமானார்.

தொடரோடு முரண்படும் இடங்கள் உண்டா?

உண்டு. பெரியது ஒன்று: தொடரின் 1840 பகுதியில், ஏஞ்சலிக் 1692-இலேயே மிராண்டா என்ற பெயரில் வாழ்ந்தவள் என்று வருகிறது. அப்படியென்றால் மார்டினிக்கில் குழந்தையாக வளர்ந்தது எப்படி? இதைத் தொடரே தெளிவாகச் சொல்லவில்லை. பார்க்கர் தன் இரண்டாவது நாவலில் அமெரிக்காவின் சேலம் நகரில் 1692-இல் நடந்த சூனிய விசாரணைகளுக்குப் போய் மிராண்டாவைக் கையில் எடுத்தார். முதல் புத்தகத்தைக் கேட்கும்போது அந்தக் கேள்வியை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

சிறுவர்களோடு கேட்கலாமா?

வேண்டாம். தொடர் பகல் நேரத்துக்கானது, பிள்ளைகளும் பார்த்தார்கள். புத்தகம் பெரியவர்களுக்கானது. குழந்தைமீது நடக்கும் கொடுமை, அடிமைகள்மீதான வன்முறை, பாலியல் காட்சிகள் எல்லாம் உண்டு. குழந்தையை அடைத்துவைக்கும் பகுதிகள் பெரியவர்களையே தொந்தரவு செய்யக்கூடியவை.

பிடித்திருந்தால் அடுத்து என்ன?

லாரா பார்க்கர் மொத்தம் நான்கு ‘டார்க் ஷேடோஸ்’ நாவல்கள் எழுதினார். இரண்டாவது ‘தி சேலம் பிராஞ்ச்’ 2006-இல், மூன்றாவது ‘வுல்ஃப் மூன் ரைசிங்’ 2013-இல், கடைசியாக ‘ஏரெஸ் ஆஃப் காலின்வுட்’ 2016-இல். ஏஞ்சலிக்குக்காக மட்டும் வருகிறவர்கள் இரண்டாவதைத் தவறவிடக் கூடாது. மூன்றாவது குவென்டின் என்ற இன்னொரு பாத்திரத்தின் ஓநாய் சாபத்தைத் தொடுகிறது. நான்காவது விக்டோரியா வின்டர்ஸின் பிறப்பு ரகசியத்தை எடுத்துக்கொள்கிறது. அவள் யார் என்ற கேள்வியோடுதான் 1966-இல் தொடரே ஆரம்பித்தது, தொடர் அதற்குப் பதில் சொல்லாமலே முடிந்தது. பார்க்கர் 2023 அக்டோபரில் காலமானார். அவருடைய ஏஞ்சலிக் குரலை இன்னும் கேட்க விரும்பினால் பிக் ஃபினிஷ் ஒலிநாடகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் அவள் மறுபடியும் வில்லிதான், முன்கதையைக் கேட்டபின் அந்த மிரட்டல்கள் வேறு மாதிரி ஒலிக்கின்றன.